விடை சரி, ஸ்டெப் எங்கே? ஸ்கேன் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், திருப்பத்தூர் வட்டாரத்தில் ஸ்கேன் பார்க்கும் மருத்துவர்களுக்கு வணக்கம்.

நான் கோட்டையூர்க்காரி. 32 வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள். உங்களில் ஒன்றிரண்டு பேர் பத்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவர்களாகக்கூட இருக்கலாம். அப்படி இருந்தால், விடையை மட்டும் எழுதி ஸ்டெப் எழுதாத கணக்குக்கு நான் முழு மதிப்பெண் போட்டதே இல்லை என்பது ஞாபகம் இருக்கும். இந்த மடலும் அப்படி ஒரு கணக்கைப் பற்றியதுதான்.

போன வருடம் திருக்கார்த்திகைக்கு என் மகள் கோவையிலிருந்து வந்திருந்தாள். கல்யாணமாகி மூன்று வருடம் கழித்து முழுகாமல் இருந்தாள். வீட்டிலேயே கார்டில் பார்த்து இரண்டு கோடு வந்ததைப் போனில் சொன்னவள், "முதல் ஸ்கேனை அங்கே வந்து பார்த்துக்கிறேன்ம்மா, நீங்க கூட இருங்க" என்றாள். கார்த்திகைக்கு மறுநாள் போனோம். எந்த இடம் என்று சொல்லப்போவதில்லை. ஒருவரைக் குறிவைத்து எழுதுவதாக இருந்தால் நேரிலேயே போய்ச் சொல்லியிருப்பேன்.

முட்ட முட்டத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். டோக்கன் 17. ஒன்றேகால் மணி நேரம் அவள் காலை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு அடக்கி உட்கார்ந்திருந்தாள். உள்ளே போனபின் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. டாக்டர் ஆங்கிலத்தில் எண்ணைச் சொல்லச் சொல்ல, மூலையில் ஒரு பெண் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். திரை எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. ஜெல்லைத் துடைக்கத் தாள் ஒன்றை நீட்டிக்கொண்டே டாக்டர் சொன்னார்: "ஒண்ணும் வளரலம்மா. வெறும் பைதான். நாளைக்கு வெறும் வயித்தோட வந்துடுங்க, சுத்தம் பண்ணிடலாம்."

அந்தத் தாளை வயிற்றின் மேல் வைத்தபடியே என் மகள் என்னைப் பார்த்தாள். துடைக்கவில்லை. அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ரிப்போர்ட்டில் மூன்று வரி இருந்தது. மாதவிடாய்த் தேதிப்படி 7 வாரம் 4 நாள். கருப்பைக்குள் கரு வளரும் பையின் அளவு 19 மில்லிமீட்டர். கரு இல்லை, யோக் சாக் (கருவுக்கு முன்பே பைக்குள் தெரியும் சின்ன மஞ்சள்கருப் பை) இல்லை. அதற்குக் கீழே தடித்த எழுத்தில் 'ஆனெம்ப்ரியானிக் கெஸ்டேஷன்', அதாவது கரு உருவாகாத கர்ப்பம். அன்று வீட்டில் அதைப் படித்துப் பொருள் சொல்ல யாரும் இல்லை. ஆனால் காரணம் சொல்ல நிறையப் பேர் இருந்தார்கள். வளவை (வீட்டு முற்றத்தை) தாண்டுவதற்குள், கோவையிலிருந்து பஸ்ஸில் குலுங்கி வந்ததுதான் காரணம் என்றாகிவிட்டது. சாயங்காலம் மாப்பிள்ளையின் அப்பத்தா போனில் அன்னாசிப்பழத்தைக் கொண்டுவந்தார். ஆரம்ப மாதங்களில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதி, குரோமோசோமில் நேர்ந்த பிசகால் கலைகின்றன. பஸ்ஸுக்கும் அன்னாசிக்கும் அதில் பங்கே கிடையாது. இதை ஒரு வரியாக உங்கள் வாயால் அந்தப் பெண்ணிடம் சொல்லியிருந்தால், எங்கள் வீட்டில் அன்று பாதிப் பேச்சு நடந்திருக்காது.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. பேப்பர் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 7 வாரம் 4 நாள் என்றால் 53 நாள். கடைசியாகக் குளித்த (மாதவிடாய் வந்த) தேதியிலிருந்து எண்ணியது. இந்த எண்ணிக்கை, 28 நாளுக்கு ஒருமுறை குளிக்கிற பெண்ணுக்குப் போட்ட கணக்கு. அவளுக்குச் சுமார் 14-ஆம் நாளில் கருமுட்டை வெளிவரும் என்று வைத்துக்கொள்கிறார்கள். என் மகளுக்கு வயதுக்கு வந்த நாளிலிருந்தே 36, 38 நாள் ஆகும். அப்படியானால் முட்டை வெளிவருவதும் சுமார் பத்து நாள் தள்ளிப்போகும். 53-இல் 10 போனால் 43. அதாவது 6 வாரம் 1 நாள். ஏழரை வாரத்தில் பை காலியாக இருப்பதும் ஆறு வாரத்தில் காலியாக இருப்பதும் ஒன்றா? ஆனால் "எத்தனை நாளைக்கு ஒருதரம் குளிக்கிறே" என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. கேட்க ஐந்து விநாடி ஆகியிருக்கும்.

(இந்த வாரக் கணக்கால் எங்கள் ஊர்ப் பக்கம் வேறொரு கூத்தும் நடக்கிறது. கருத்தரிப்பதற்கு முந்திய இரண்டு வாரத்தையும் சேர்த்துத்தான் நீங்கள் எண்ணுகிறீர்கள். கல்யாணமாகி ஐந்து வாரம் ஆன ஒரு பெண்ணின் ரிப்போர்ட்டில் 6 வாரம் 2 நாள் என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, அவள் மாமியார் விரல்விட்டுக் கழித்துப் பார்த்த கதை எனக்குத் தெரியும். என்னிடம் படித்த பெண் அவள். நான் நேரில் போய் அந்த மாமியாருக்கு ஒரு காலண்டரை வைத்து வகுப்பெடுத்துவிட்டு வந்தேன்.)

மறுநாள் வெறும் வயிற்றோடு போகவில்லை. வேறொரு மகப்பேறு மருத்துவரிடம் போனோம். அவர் ரிப்போர்ட்டைக் கையில் வாங்குவதற்கு முன்பே கேட்ட முதல் கேள்வி, "மாசாமாசம் சரியா வருதாம்மா?" அப்புறம் ரிப்போர்ட்டைப் பார்த்தார். "19-ஐ வெச்சு நான் எதுவும் சொல்ல மாட்டேன். சந்தேகம் இருக்கு, முடிவு இல்லை. 14 நாள் கழிச்சு, பிறப்புறுப்பு வழியா உள்ளே வெச்சு ஒரு ஸ்கேன் எடுப்போம். நல்லபடியாத்தான் முடியும்னு நெனைச்சுக்காதீங்க, முடிஞ்சு போச்சுன்னும் நெனைச்சுக்காதீங்க. நடுவுல ரத்தம் அதிகமாப் போனாலோ வலி வந்தாலோ ராத்திரின்னு பார்க்காம வாங்க." தேதியை ரிப்போர்ட்டின் ஓரத்தில் பேனாவால் எழுதிக் கொடுத்தார்.

பிள்ளையார் நோன்புக்காகத் திருக்கார்த்திகையில் தொடங்கி நாளுக்கு ஓர் இழையாக 21 இழை சேர்க்கிற வீடு எங்களுடையது. அந்த வருடம் இழையை எடுத்துவைக்கும் வேலையை என் மகளே கேட்டு வாங்கிக்கொண்டாள். காலையில் குளித்துவிட்டு வருவாள், ஓர் இழையை எடுத்து வைப்பாள், இதுவரை எத்தனை என்று எண்ணிப் பார்ப்பாள். ஒன்றும் பேச மாட்டாள். அந்த நாள்கள் நீளமானவைதான். ஆனால் என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்துகொள்ள அவளுக்கு ஒரு தேதி இருந்தது.

14 நாள் கழித்து எடுத்த ஸ்கேனில் பை 26 மில்லிமீட்டர். உள்ளே ஒன்றுமில்லை. இந்த டாக்டர் திரையை அவள் பக்கம் திருப்பி வைத்தார். "நல்லா பாத்துக்கோம்மா" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தார். அவள் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் எழுந்து உடையைச் சரிசெய்து உட்கார்ந்தபின், தானாக வெளியேறக் காத்திருப்பது, மாத்திரை, சுத்தம் செய்வது என்று மூன்று வழியையும் அவளுக்குச் சொன்னார். அவள் மாத்திரையைத் தேர்ந்தெடுத்தாள். நோன்பன்று அவள் படுக்கையில் இருந்தாள்.

ஆக, முதல் டாக்டர் சொன்ன விடைதான் கடைசியில் வந்தது. சரி, அப்புறம் எதற்கு இந்த மடல் என்று நீங்கள் கேட்கலாம். என் வீட்டிலேயே கேட்டார்கள். அவர் அந்த விடையைச் சொன்ன நாளில், அதைச் சொல்வதற்கு வேண்டிய ஸ்டெப் அவரிடம் இல்லை. குத்துமதிப்பாக எழுதிய விடை சரியாக வந்துவிட்டால் என் வகுப்பில் அதற்குப் பெயர் அதிர்ஷ்டம். அதே வழியில் அடுத்த கணக்கைப் போட்டால் தப்பாகும். அந்த அடுத்த கணக்கு வேறொருத்தியின் வயிற்றில் இருக்கிறது.

ஸ்டெப் என்ன என்பதை எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியாது. கண்டுபிடித்து எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியும். உள்ளே வைத்து எடுக்கும் ஸ்கேனில் கருவின் நீளம் 7 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்து துடிப்பு இல்லையென்றால், அல்லது பையின் சராசரி அளவு 25 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்து உள்ளே கருவே இல்லையென்றால், அப்போதுதான் முடிந்தது என்று சொல்லலாம். 7 என்பது ஒரு சின்னப் பட்டாணி. 25 என்பது பழைய எவர்சில்வர் ஒரு ரூபாய் நாணயத்தின் அகலம். அளவு இதற்குக் குறைவாக இருந்தால் காத்திருந்து பார்க்க வேண்டும். யோக் சாக் இல்லாத பை மட்டும் தெரிந்தால், 14 நாள் கழித்தும் துடிப்புள்ள கரு தெரியாவிட்டால்தான் முடிவு. யோக் சாக் தெரிந்திருந்தால் 11 நாள். அமெரிக்க அல்ட்ராசவுண்ட் வல்லுநர் குழு ஒன்று 2012-இல் கூடிப் பேசி, 2013-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியிட்ட வரம்புகள் இவை. 16 முதல் 24 வரை காலியாக இருக்கும் பையை அவர்கள் 'சந்தேகம்' என்ற கட்டத்தில்தான் வைத்திருக்கிறார்கள். என் மகளின் 19 அதில்தான் விழுகிறது. உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லிவிடவில்லை. தெரிந்தும் ரிப்போர்ட்டில் அது ஏன் வருவதில்லை என்றுதான் கேட்கிறேன்.

வரம்பை இவ்வளவு தாராளமாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அதற்கு முன்பு பல நாடுகளில் 16, 20 என்று குறைவான அளவிலேயே முடிவு சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2011-இல் வந்த ஓர் ஆய்வில், ஒருவர் 20 மில்லிமீட்டர் என்று அளந்த பையை இன்னொருவர் அளந்தால் 16.8-இலிருந்து 24.5 வரை எதுவாகவும் வரக்கூடும் என்று கண்டார்கள். ஸ்கேலை வைத்துக் கோடு போடும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளே இரண்டு மில்லிமீட்டர் கூடக்குறைய அளப்பார்கள். இது தண்ணீருக்குள், சதைக்குள், அசைகிற பொருளை அளப்பது. அளப்பவர் மேல் குற்றமில்லை. அளவுக்கே அவ்வளவு ஆட்டம் இருக்கிறது. அதனால்தான் வரம்பைத் தள்ளி வைத்தார்கள்.

அயர்லாந்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அங்கே 2010-இல், கரு கலைந்துவிட்டது என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பப்பட்ட ஒரு பெண், மனம் ஒப்பாமல் வேறிடத்தில் இன்னொரு ஸ்கேன் எடுத்த விஷயம் வெளியே வந்தது. துடிப்பு இருந்தது. குழந்தை பிறந்தது. அதன்பின் அரசே நாடு முழுக்க விசாரித்து, 2011-இல் அறிக்கை கொடுத்தது. உயிரோடிருந்த கருவைக் கலைந்ததாகச் சொல்லி மருந்தோ அறுவையோ பரிந்துரைக்கப்பட்ட 24 பெண்கள் கணக்கில் வந்தார்கள். அங்கே ஒருவர் விசாரித்ததால் 24 என்ற எண் கிடைத்தது. நம் பக்கம் யார் விசாரித்தார்கள்? சுத்தம் செய்தபின் அந்தக் கணக்கைச் சரிபார்க்க வழியே இல்லையே.

என்னிடம் படித்த இன்னொரு பெண், பள்ளத்தூரில் வாழ்க்கைப்பட்டவள். அவளுக்கு முதல் ஸ்கேனில் கரு 4 மில்லிமீட்டர், துடிப்பு இல்லை. அவளைப் பார்த்தவர் பொறுமைசாலி. ஒன்பது நாள் கழித்து வரச்சொன்னார். கரு 12 மில்லிமீட்டர் இருந்தது, துடிப்பும் இருந்தது. இந்தப் பருவத்தில் நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளர்ச்சி என்பதும் ஏறக்குறையப் பொருந்துகிறது. பையன் இப்போது யூகேஜி.

இதைப் படித்துவிட்டு, எல்லாவற்றுக்கும் காத்திருந்தால் போதும் என்று எந்த வீட்டிலும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த இடத்தில் நான் உங்கள் கட்சி. கார்டில் இரண்டு கோடு வந்து, ஸ்கேனில் கருப்பைக்குள் பையே தெரியவில்லை என்றால் அது வேறு கணக்கு. ரொம்ப ஆரம்பமாக இருக்கலாம், கலைந்து வெளியேறியிருக்கலாம், குழாயில் தங்கிய கருவாகவும் இருக்கலாம். நூறு கர்ப்பத்தில் ஒன்றிரண்டு அப்படித் தங்குகிறது. வெடித்தால் உயிருக்கே ஆபத்து. அங்கே 48 மணி நேர இடைவெளியில் ரத்தத்தில் பீட்டா எச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோனைப் பார்ப்பது, திரும்ப ஸ்கேன் எடுப்பது என்று நீங்கள் விரட்டினால் அது சரியான விரட்டல். ஒருபக்க அடிவயிற்று வலி, தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றி மயக்கம் வந்தால் 108-ஐக் கூப்பிட வேண்டும் என்று பெண்ணிடமும் கூட வந்தவரிடமும் நிறுத்திச் சொல்லுங்கள். 'கருப்பை காலி, மீண்டும் பரிசோதிக்கவும்' என்ற ஆங்கில வரியைக் கையில் வைத்துக்கொண்டு, நல்ல நாள் பார்த்து அடுத்த ஸ்கேனுக்குப் போகலாம் என்று நினைக்கிற வீடுகள் இங்கே இருக்கின்றன.

எங்கள் பக்கத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். நாள் தள்ளி நாலு நாளில் ஓடி வருகிறோம். ஐந்தாம் வாரத்தில் பை மட்டும்தான் தெரியும், ஐந்தரையில் யோக் சாக், ஆறை ஒட்டித்தான் துடிப்பு. அதுவும் உள்ளே வைத்து எடுத்தால். வயிற்றின் மேல் வைத்து எடுத்தால் இன்னும் சில நாள் கழித்துத்தான் தெரியும். இதெல்லாம் தெரியாமல் "குழந்தை நல்லா இருக்கா, சொல்லுங்க டாக்டர்" என்று உங்களை நெருக்குகிறோம். வெளியே முப்பது பேர் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். 'தெரியவில்லை' என்று சொன்னால் எந்திரத்தையோ உங்களையோ குறை சொல்லிவிட்டு மதுரைக்குப் போய்விடுவோம். அதனால்தான் ஏதோ ஒரு முடிவைச் சொல்லித் தொலைக்கிறீர்களோ என்றும் எனக்குத் தோன்றுவதுண்டு.

ஆனாலும் கேட்பதைக் கேட்டுவிடுகிறேன். ரிப்போர்ட்டில் மேலே வைத்து எடுத்ததா, உள்ளே வைத்து எடுத்ததா என்று எழுதுங்கள். பையை மூன்று பக்கமும் அளந்து கூட்டி மூன்றால் வகுத்ததுதான் சராசரி. என் மகளின் தாளில் ஒரே ஓர் எண் இருந்தது, அது சராசரியா, நீளமா, அகலமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மாதவிடாய் எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேட்டு அதையும் எழுதுங்கள். வரம்புக்குக் கீழே இருந்தால் 'உறுதியில்லை' என்ற ஒரு சொல், அதன் பக்கத்தில் ஒரு தேதி. நிலைமை அவசரமில்லாத பெண்ணை ஒரே ஸ்கேனை வைத்து மறுநாள் காலை ஆபரேஷன் தியேட்டருக்கு வரச் சொல்லாதீர்கள். அப்புறம், ஜெல்லைத் துடைத்து, புடவையைச் சரிசெய்து, நாற்காலியில் உட்கார்ந்தபின் சொல்லுங்கள்.

திரையைத் திருப்புவது பற்றியும் ஒரு வார்த்தை. 'கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று கண்டறிவது குற்றம்' என்ற போர்டு எல்லா மையத்திலும் இருக்கிறது. 1994-ஆம் வருடச் சட்டம், நல்ல சட்டம், நம் ஊர்களுக்கு வேண்டிய சட்டம். திரையைக் காட்டாததற்கு அந்தச் சட்டத்தைத்தான் காரணம் சொல்கிறார்கள். ஏழு வாரக் கருவில் ஆண், பெண் என்று யாரால் பார்க்க முடியும்? சட்டம் தடுப்பது பாலினத்தைக் கண்டறிவதையும் சொல்வதையும்தான். தன் வயிற்றில் இருக்கும் கருப்பு வட்டத்தை ஒரு பெண் பார்க்கக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை. என் மகள் இரண்டாம் முறை திரையைப் பார்த்த பிறகுதான், 'ஒருவேளை தப்பாகச் சொல்லியிருப்பாங்களோ' என்று கேட்பதை நிறுத்தினாள்.

கடைசியாக, ரிப்போர்ட்டோடு தமிழில் அரைப்பக்கத் தாள் ஒன்று கொடுங்கள். இன்று என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை, அடுத்து எந்தத் தேதி, என்ன வந்தால் உடனே ஓடி வரவேண்டும், அன்னாசிப்பழம் காரணமில்லை. இவ்வளவுதான். எழுத நேரமில்லை என்று சொல்வீர்கள் என்று தெரிந்துதான், நானே ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன். எண்கள் வரும் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். மருத்துவத் தப்பு இருந்தால் திருத்துங்கள், சிவப்பு மையிலேயே திருத்துங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். ஜெராக்ஸ் செலவும் என்னுடையது. வரும் திங்கள்கிழமையிலிருந்து காலை பத்து மணிக்கு மேல் ஒவ்வொரு மையமாக வருகிறேன். டோக்கன் போட்டுவிட்டே உட்காருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
கோட்டையூர்